பால் கண்ணாடி விளக்கு வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

வீட்டுக்குப் பழைய பள்ளிக்கூடத்து மாதிரி வெள்ளைக் குண்டு விளக்குகள் மாட்டப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் வடிவம் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதே. அந்த விளக்கு அழகுக்காக வந்ததல்ல. 1913-ல் வாயு நிரப்பிய டங்ஸ்டன் பல்பு வந்ததும் வெளிச்சம் கண் கூசும் அளவுக்குக் கூடிவிட்டது. பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்க்கிற பிள்ளைகளின் கண்ணில் பல்புக்குள் எரியும் இழை நேராகப் படக் கூடாதென்றுதான் அமெரிக்கப் பள்ளிகளில் பால் கண்ணாடிக் குளோபுக்குள் பல்பை மூடித் தொங்கவிட்டார்கள். நீ வாங்குவதும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பல்பு எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் குளோப் முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும்.

அதனால் முதலில் கண்ணாடியைப் பார். நல்ல குளோபில் இரண்டு தெளிவான அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளை அடுக்கு இருக்கும். கழுத்தின் வெட்டு விளிம்பில் கோடு போலத் தெரியும். முழுக் கண்ணாடியுமே வெள்ளையாக வார்த்ததும் நல்லதுதான். சாதாரணக் கண்ணாடிக்குள் வெள்ளைப் பெயின்ட் அடித்ததை வாங்காதே. சூட்டில் அது மஞ்சளாகும், பிறகு செதில் செதிலாக உரியும். கழுத்தின் உட்புறம் நகத்தால் லேசாகச் சுரண்டினாலே தெரிந்துவிடும். குளோபுக்குள் போன் டார்ச்சை விட்டும் பார். வெளிச்சப் புள்ளி பளிச்சென்று துருத்தித் தெரிந்தால் கண்ணாடி மெல்லியது.

பலரும் தடுமாறுவது கழுத்து அளவில்தான். குளோபின் கழுத்தை மூன்று ஸ்குருவால் பிடிக்கும் உலோக வாய்க்கு ஃபிட்டர் என்று பெயர். 2¼, 3¼, 4, 6 அங்குலம் என்று ஃபிட்டர் அளவுகள் உண்டு. அளக்க வேண்டியது குளோபின் வயிற்றை அல்ல, கழுத்தின் மேல் விளிம்பை. அதுவும் ஒரு வெளிப்பக்கத்திலிருந்து எதிர் வெளிப்பக்கம் வரை. ஃபிட்டரின் உள்வாய் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பழைய குளோப்கள் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், முடிந்தால் ஃபிட்டரைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்த்து வாங்கு.

மாட்டும்போது குளோபை ஒருவர் அடியில் இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் மூன்று ஸ்குருவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் குளோப் ஒரு பக்கம் சாயும். மூன்று ஸ்குருவின் நுனியும் விளிம்பின் புடைப்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தால்தான் நிச்சயம். ஸ்குரு கண்ணாடியைத் தொட்டதும் கால் சுற்று பின்னால் திருப்பிவிடு. கையால் திருப்பினால் குளோப் லேசாக அசைய வேண்டும். சூடேறும்போது கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவில் விரியாது. இறுக்கி வைத்தால் கழுத்திலிருந்து கீறல் ஓடும். குறடு அந்தப் பக்கமே வர வேண்டாம்.

இனி பல்பு. மூடிய குளோபுக்குள் சூடு வெளியேற வழியில்லை. எல்இடி பல்பில் முதலில் சாவது அடியில் இருக்கும் மின்னணுச் சுற்றுதான், அதனால் மூடிய விளக்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டுமே வாங்கு. அடிப்பாதி பிளாஸ்டிக்கால் மூடிய பல்பு வெளிச்சத்தை முன்பக்கம் மட்டும்தான் தள்ளும். தலைகீழாகத் தொங்கும்போது குளோபின் மேல்பாதி இருண்டு கிடக்கும். எல்லாப் பக்கமும் ஒளி விடுகிற, வெள்ளைப் பூச்சுள்ள ஃபிலமென்ட் வகை எல்இடி பல்பு இதற்குப் பொருத்தம். நிறம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறத்தெளிவு எண் (CRI) 90-க்கு மேல். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன். பால் கண்ணாடி அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் சமையலறைக்கும் படிக்கிற இடத்துக்கும் 1,000 லூமனுக்கு மேல் போ. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதென்றால் பல்பும் டிம்மரும் இரண்டுமே எல்இடிக்கானதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமிட்டும்.

பழைய விளக்கே கிடைத்தால் ஒயரை நம்பாதே. துணி சுற்றிய ஒயருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்து, வளைத்தாலே உதிரும். முழுவதையும் மாற்றி, புது பீங்கான் ஹோல்டர் போடச் சொல். திருகுகிற ஹோல்டரில் நடுமுனைக்கு ஃபேஸ், சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல். மாறிப்போனால் பல்பு மாற்றும்போது விரல் படுகிற இடத்தில் மின்சாரம் இருக்கும். உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. ஒயர் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. கண்ணாடி, உலோகம் இரண்டும் சேர்ந்த எடையைச் சொல்லி, கூரையில் எதில் பிடிக்கப் போகிறார் என்று நீயே கேள்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: சாப்பாட்டு மேசைக்கு மேல் 75 முதல் 90 செ.மீ., ஆள் நடக்கிற இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 2.1 மீட்டர். கூரை தாழ்ந்திருந்தால் தொங்கும் தண்டு வேண்டாம், கூரையை ஒட்டியதே போதும். கூடத்துக்கு ஒரே விளக்கென்றால் அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் அளந்து கூட்டினால் வரும் எண்ணே குளோபின் அகலம், அங்குலத்தில். சமையலறை நடுவில் ஒன்றே ஒன்று போடாதே. மேடைப் பக்கம் திரும்பி நின்றால் உன் நிழலே காய் நறுக்கும் இடத்தில் விழும். வகுப்பறைகளில் வரிசையாகத் தொங்கவிட்டதே நிழலை அழிக்கத்தான். மேடை விளிம்புக்கு நேர் மேலே சிறியதாக இரண்டு மாட்டு.

குளோபுக்குள் பூச்சி விழுவது சகஜம். மெயினை அணைத்து, பல்பு ஆறிய பிறகு கழற்று. தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவு. வெளியே வண்ணக் கோடுகள் இருந்தால் ஓரத்தில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பார். சூளையில் வைத்துச் சுட்ட வண்ணம் நிற்கும், மேலே பூசியது கையோடு வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மாட்டு. அப்போதே மூன்று ஸ்குருவும் அளவுக்கு மேல் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடு.

கூடத்தின் நீள அகலத்தையும் கூரை உயரத்தையும் அளந்து எழுது. எத்தனை அங்குலக் குளோப் என்று சொல்கிறேன். அதற்குள் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா