பின்னறைக் கட்டுகளை விற்க வேண்டாம்: எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் சனசமூக நிலைய நிர்வாகசபையினருக்கு,

வணக்கம். வாசிகசாலைப் பின்னறையில் கிடக்கும் பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைக் கட்டுகளையும் நிறைக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தில் விழாக் கதிரைகளை அடுக்கப் போகிறீர்கள் என்று சனிக்கிழமை அறிந்தேன். தயவுசெய்து விற்காதீர்கள். ஏன் கேட்கிறேன் என்பதை, போன கிழமை எனக்கு எப்படிப் போனது என்று சொன்னால் விளங்கும்.

நான் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1973இல் நடக்கிற கதை. சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை மறித்ததால் எங்கள் தோட்டங்களில் காசு புழங்கிய காலம். முற்றம் நிறையச் செத்தல் மிளகாய் காயும். பக்கத்து வளவுகளில் தண்ணிப் பம்பு எப்போதோ வந்துவிட்டது, இந்த வீட்டுக்குத்தான் பிந்தி வருகிறது. மிளகாய் விற்ற காசில் தமையன் பம்பைக் கொண்டுவந்து இறக்குகிற அன்றோடு, இருபது வருசமாக அந்தக் கிணற்றில் துலா மரத்தில் ஏறி நடந்து தண்ணி இறைத்த மனிசனுக்கு வேலை இல்லை. அவர் படலையடியில் நின்று என்ன சொல்லுவார்? அந்த ஒரு வசனம் எனக்கு வரவில்லை. திங்கள் விடிய நாலரைக்கு எழும்பி, தேத்தண்ணி ஆற ஆற இருந்தும் வரவில்லை.

செவ்வாய் அம்மாவின் கிளினிக். ஆறு மணிக்குப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து கொப்பியில் கொஞ்சம் எழுதினேன். மருந்து எடுத்து வெளிக்கிட மத்தியானம் ஒன்றரை. புதன் இரவு வேலை நன்றாக ஓடியது. மூன்று பக்கம். பம்பு முதல் முறை இரைகிறபோது கிணற்றடி வாழைகள் நனையும் இடம். கரண்ட் போனது, மடிக்கணினியின் பற்றரி பழுது, சேமித்து வைக்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கந்தான் திரும்பி வந்தது. அந்த வாழைகள் வரவேயில்லை.

வியாழன் பின்னேரம் ரியூசன் வகுப்பு முடித்து நேரே வாசிகசாலைக்கு வந்தேன். போன மாதம் உங்கள் பின்னறைக் கட்டொன்றில், எழுபதுகளின் பத்திரிகை ஒன்றில், ஒரு வாசகர் கடிதத்தைப் பார்த்திருந்தேன். பங்குக்கிணற்றில் முறை வைத்து இறைத்த காலத்தை ஒரு தோட்டக்காரர் எழுதியிருந்தார். துலாவில் ஏறி நடப்பவர் எப்படிக் கால் மாற்றுவார், கீழே தண்ணி அள்ளும் பட்டையைப் பிடிப்பவர் எப்போது குரல் கொடுப்பார், மழைக்கு வழுக்கினால் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதை இன்னொருமுறை வாசித்தால் என் மனிசன் வாய் திறப்பார் என்று நம்பினேன். ஐந்தேகால். பூட்டு. சாவி ஒருவரிடம் மட்டும், அவர் கலியாண வீட்டில். வெளித்திண்ணையில் இருந்துவிட்டு வந்தேன். வேலைக்குப் போகிற ஒருவரும் ஐந்து மணிக்கு முன் வாசிகசாலைக்கு வர ஏலாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி, வேறொரு கதை திரும்பி வந்தது. பாதியாகக் குறைத்தால் போடலாமாம். அதற்கு மனவருத்தம் இருக்கிறது, ஆனால் அது உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

சனி காலை கதவு திறந்திருந்தது. கட்டுகள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன, தராசுக்காரர் திங்கள் வருவாராம். மேலே கிடந்தது ‘மல்லிகை’. 1966இல் டொமினிக் ஜீவா இந்த யாழ்ப்பாணத்தில் தொடங்கி, கையில் கொண்டு திரிந்து விற்ற சஞ்சிகை. அதன் ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. நான் குந்தியிருந்து தேடினேன். அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு பட்டியலும் இல்லை.

பெரியவர்களே, 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டுச் சாம்பலாய்க் கிடந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று இன்றும் எண்ணிச் சொல்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தபோது இந்த வாசிகசாலையையும் விட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது அலுமாரிக்குக் கதவு இல்லை. கீழ்த்தட்டில் மிஞ்சிக் கிடந்ததைத் தூசு தட்டிக் கட்டி வைத்தவர்கள் உங்களில் சிலர்தான், நான் அப்போது சிறுபிள்ளை, சணல் கயிறு பிடித்தேன். அந்தக் கட்டுகள்தான் இப்போது வாசலில் கிடக்கின்றன.

கதிரைகளுக்கு இடம் வேண்டும் என்பது உண்மையான தேவை, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டு முன் விறாந்தை வெறுமையாகத்தான் கிடக்கிறது, கதிரைகளை மழைக்காலம் முடியும்வரை அங்கே அடுக்கலாம். கட்டுகளை எனக்கு இரண்டு மாதம் தாருங்கள். பெயர், மாதம், ஆண்டு என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதித் தருகிறேன். 2005 முதல் எங்கள் பழைய ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாருக்கு அந்தப் பட்டியலோடு உங்கள் பெயரில் கடிதம் எழுதலாம். அவர்களிடம் இல்லாதது எங்களிடம் இருந்தால், அதைப் படம்பிடித்த பிறகு எங்கே வைப்பது என்று பேசுவோம். மற்றது, கிழமையில் இரண்டு நாளாவது இரவு எட்டுவரை திறவுங்கள். அந்த இரண்டு நாளும் இருந்து பூட்டிக்கொண்டு போக நான் ஆயத்தம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பேன். தராசுக்காரருக்கு வந்துபோகிற செலவை நானே கொடுக்கிறேன். காய்ந்த வேப்பிலையும் புதுச் சணல் கயிறும் கொண்டு வருகிறேன். சாவியை மட்டும் ஒருவர் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசிகசாலைக்குப் பின் ஒழுங்கையில் இருக்கும்
உங்கள் அங்கத்தவர் ஒருத்தி