நோட்டுக்குக் கீழே எழுத்து எழுதித் தராதீர்கள்

ஆசிரியருக்கு,

விடுமுறை வந்தால் கீபோர்டு, பியானோ, வயலின் வகுப்புகளில் கூட்டம் சேர்கிறது. அங்கே பிள்ளைகள் வைத்திருக்கும் புத்தகங்களைப் புரட்டினால், ஐந்து கோடுகளில் அச்சான ஒவ்வொரு நோட்டுக்கும் (சுரத்தைக் குறிக்கும் புள்ளிக்கும்) கீழே யாரோ பென்சிலில் சி, டி, ஈ என்றோ ச, ரி, க என்றோ எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பிள்ளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் மூன்று, நான்கு வருடம் படித்த பிள்ளை புதுப் பக்கத்தைக் கண்டதும் திணறுவதற்கு இந்தப் பென்சில் எழுத்தே முதல் காரணம்.

எழுத்து இருந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும். மேலே இருக்கும் புள்ளியைப் பார்க்கவேண்டிய தேவையே பிள்ளைக்கு வராது. போதாததற்கு, எழுத்து சொல்வது நோட்டு சொல்வதைவிடக் குறைவு. 88 கட்டைகள் கொண்ட பியானோவில் சி மட்டும் எட்டு இடத்தில் இருக்கிறது. கீழே எழுதிய 'சி' எந்த சி? எத்தனை எண்ணிக்கை நீட்ட வேண்டும்? இரண்டுமே அந்த எழுத்தில் இல்லை.

ச, ரி, க என்று எழுதுவது இன்னும் மோசம். நம் இசையில் 'ச' பாடுபவரின் சுருதியைப் பொறுத்து இடம் மாறும். ஒரு கட்டை சுருதி என்றால் சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. ஐந்து கட்டையில் பாட்டு கற்கும் பெண் குழந்தைக்கு ஜிதான் 'ச'. கீபோர்டு வகுப்பில் அதே குழந்தையிடம் சிதான் 'ச' என்று எழுதிக் கொடுத்தால் காது ஒன்று சொல்லும், தாள் வேறொன்று சொல்லும். சங்கராபரணத்தை சியில் தொடங்கினால் வெள்ளைக் கட்டைகளே போதும். ஜியில் தொடங்கினால் எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டை வந்தே தீரும். ஐந்து கோடு காட்டுவது நிலையான இடத்தை. அதற்கு நிலையான பெயர்தான் வேண்டும்.

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நோட்டின் பெயரை நினைவூட்டும் 'எவ்ரி குட் பாய்' வகை வாக்கியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடுகளுக்கு ஒன்று, இடைவெளிகளுக்கு ஒன்று, தாழ்ந்த சுரங்களுக்கான குறியான பேஸ் கிளெஃபுக்கு மேலும் இரண்டு என நாலு வாக்கியங்கள். உச்சிக் கோட்டில் இருப்பது எஃப் என்று தெரிய, கீழிருந்து ஐந்து சொற்களையும் மனதுக்குள் ஓட்ட வேண்டும். அதற்குள் பாட்டு இரண்டு பார் (தாளக் கட்டம்) தாண்டியிருக்கும். எழுத்துத் தேர்வுக்கு இது உதவலாம்; வாசிக்கும் கைக்கு உதவாது. தெருவில் வீடு தேடுகிறவர் முதல் வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வருவதில்லை, பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு என்றுதான் வருவார்.

ஐந்து கோட்டிலும் அப்படி அடையாளங்கள் உண்டு. கோடுகளின் தொடக்கத்தில் போடும் குறிதான் கிளெஃப். உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப் என்பது 'ஜி' எழுத்து காலப்போக்கில் சுருண்டு உருமாறிய வடிவம். அதன் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கிறது. அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃப் அதேபோல 'எஃப்' எழுத்திலிருந்து வந்தது. அதன் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போகும் கோடு, கீழிருந்து நாலாவது, எஃப். மேலே ட்ரெபிள், கீழே பேஸ் என்ற இரண்டு ஐந்து-கோட்டுத் தொகுதிக்கும் நடுவில் தனிக் குட்டிக் கோட்டில் இருப்பது மிடில் சி. சியையும் சேர்த்து எண்ணினால், அதிலிருந்து மேலே ஐந்தாவது எழுத்து அந்த ஜி, கீழே ஐந்தாவது எழுத்து அந்த எஃப். முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும். அடுத்து இரண்டு சி: ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளி, பேஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளி. கண்ணாடியில் பார்த்ததுபோல் அமைந்திருப்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டினால் அட்டைகள் தயார். ஓர் அட்டைக்கு ஒரு நோட்டு, கிளெஃபோடு சேர்த்து எழுதுங்கள். தினம் ஐந்து நிமிடம். பெயரை மட்டும் சொன்னால் போதாது, சரியான கட்டையையும் அழுத்த வேண்டும். மூன்று விநாடிக்குள் வர வேண்டும். தயங்கினால் கடைசியாகச் சேர்த்த அட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துச் சேருங்கள். இருபது அட்டைகளை ஒரே நாளில் நீட்டுவது வேண்டாத வேலை.

அடையாளங்கள் படிந்த பிறகு தூரத்தைப் படிக்கப் பழக்க வேண்டும். உண்மையான வாசிப்பு இதுதான். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்து எழுத்து. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஓர் எழுத்தைத் தாண்டுகிறோம். தொடங்கும் எழுத்தையும் சேர்த்தே தூரத்தை எண்ண வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படைத் தூரங்கள் கோட்டிலிருந்து கோட்டுக்கோ இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போகும். நாலு, ஆறு, எட்டு என்ற இரட்டைப்படைத் தூரங்கள் இடம் மாறி விழும். இது பழகிவிட்டால் ஒவ்வொரு நோட்டுக்கும் பெயர் தேட வேண்டாம், கை தானே நகரும்.

சில தவறுகள் எல்லா வகுப்பிலும் வரும். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகிய பிள்ளை, 'கோட்டில் போடு' என்றால் கோட்டுக்கு மேல் உட்காரவைக்கும். கோடு நோட்டின் வயிற்றைத் துளைத்துப் போக வேண்டும் என்று வரைந்தே காட்டுங்கள். பேஸ் கிளெஃபை ட்ரெபிளாக நினைத்துப் படித்தால் அடிக்கோட்டு ஜி, ஈ ஆகிவிடும். இதற்கு 'இரண்டு எழுத்து கூட்டிக்கொள்' என்று குறுக்குவழி சொல்லாதீர்கள். பிறகு ஆயுசுக்கும் கூட்டிக்கொண்டே இருக்கும். கீபோர்டு புத்தகங்களில் கோடுகளுக்கு மேலே அச்சாகும் சி, ஜி7 என்பவை இடது கைக்கான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), நோட்டின் பெயர் அல்ல. அதை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பியானோவில் பேஸ் கிளெஃப் அந்நியமாகத்தான் இருக்கும்.

வயலினுக்குத் திறந்த தந்திகளே அடையாளம். ஜி, ஐந்து கோட்டுக்குக் கீழே போடும் இரண்டு குட்டிக் கோடுகளுக்கும் கீழே. டி, அடிக்கோட்டை ஒட்டிக் கீழே. ஏ, இரண்டாவது இடைவெளி. ஈ, நாலாவது இடைவெளி. கர்நாடக வயலினிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ச-ப-ச-ப சுருதியில் நடுத் தந்திகள் இரண்டுக்கும் இடையே நாலு எழுத்துத் தூரம்தான். மேற்கத்திய முறையில் எல்லாத் தந்திகளுக்கும் இடையே ஐந்து. எனவே தாளில் பார்க்கும் நோட்டு பழைய விரலில் கிடைக்காது. ஒரே வயலினில் இரண்டையும் பழகுவதானால் சுருதி மாற்றிய பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

லண்டனின் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பு நடத்தும் செய்முறை கிரேடு தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண்ணில் 21, முன்பின் பார்க்காத தாளை வாசிப்பதற்கு. பார்த்துக்கொள்ள அரை நிமிடம் கிடைக்கும். அந்தத் தாளில் யாரும் பென்சிலால் எழுதித் தரப்போவதில்லை.

ஏற்கெனவே எழுத்து நிரம்பிய புத்தகம் வைத்திருப்பவர்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் அழித்தால் பிள்ளை மிரண்டுவிடும். முதலில் பக்கத்து எழுத்துக்குப் போகும் நோட்டுகளின் கீழ் உள்ளவற்றை அழியுங்கள். தாவும் இடங்களில் முதல் நோட்டின் எழுத்தை மட்டும் இரண்டு வாரம் விட்டுவைக்கலாம். பிறகு பாட்டின் நடுவில் ஏதாவது ஒரு பாரைக் காட்டி, அங்கிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும் என்று பிள்ளை சொன்னால், அது மனப்பாடமாக வாசிக்கிறது, படிக்கவில்லை.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை ஆசிரியர்கள் சிலர்,
சென்னை