‘எஞ்சின் கோளாறு’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே ஒரு விசைப்படகு நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு படகு அதைக் கட்டி இழுத்து வந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் வாசித்தேன். ‘எஞ்சின் கோளாறு காரணமாக’ என்று போட்டிருந்தீர்கள். என்ன கோளாறு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அன்றைக்கே பத்துப் பேர் தங்கள் எஞ்சினைத் திறந்து பார்த்திருப்பார்கள். நான் உவரிக்காரன். கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்தில் 31 வருடமாகப் படகு ஓட்டுகிறேன். எனக்கு நேர்ந்ததை வைத்து அந்த ஒரு வரியை நான் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், இதே ஜூன் மாதம். பெருமணல் ஊருக்கு நேரே, கரை மங்கித் தெரிகிற தூரம். வலையை ஏற்றி முடித்த நேரத்தில் என் அக்கா மகன் ஓரமாகக் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, குழாய்ல தண்ணி விழலியே!” என்று கத்தினான். எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு கடல்தண்ணீர் வெளியே கொட்டுகிற குழாய் அது. சூட்டு மீட்டரில் 80-ல் நிற்கிற முள் 95-ஐத் தாண்டியிருந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டோம்.

அவன் துணியைச் சுற்றிக்கொண்டு எஞ்சினுக்குள் சுற்றுகிற நல்லதண்ணீர் டேங்கின் மூடியைத் திறக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி, ஆவியும் கொதிநீருமாக முகத்தில் அடிக்கும். அப்படி வெந்துபோன முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சின் மேல் வாளியால் கடல்தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, இரும்பு விரிசல் விட்டுவிடும். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிறகு தண்ணீர் வருகிற வழியிலேயே தேடிப் போனேன். படகின் அடியில் கடல்தண்ணீரை உள்ளே விடுகிற அடிவால்வு திறந்துதான் இருந்தது. வடிகட்டியில் பாலித்தீன் பையோ சொறிமீனோ அடைத்திருக்கும் என்று நினைத்தேன், சுத்தமாக இருந்தது. கடல்தண்ணீர் பம்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். அதில் ஆறு இதழ் இருக்க வேண்டும், நான்குதான் இருந்தது. அந்த நான்கும் ஒரே பக்கமாக மடங்கி விறைத்திருந்தன.

கையிருப்பில் இருந்த புதுசைப் போட்டோம். குழாயில் தண்ணீர் விழுந்தது, எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் வேகம் கூட்டியதும் மறுபடி முள் ஏறியது. அப்போதுதான் உறைத்தது: உடைந்த இரண்டு இதழ் எங்கே? ஹோஸைக் கழற்றி, டேங்க் தண்ணீரின் சூட்டைக் கடல்தண்ணீர் வாங்குகிற ஹீட் எக்சேஞ்சரின் வாயில் கம்பியை வளைத்து விட்டு இழுத்தேன். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக இரண்டு துண்டு வந்தது. அதற்குப் பிறகு கரைவரை முள் அசையவில்லை. இம்பெல்லர் மாற்றுகிற பலரும் இந்தத் துண்டுகளைத் தேடுவதில்லை. உடைந்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் மூடியை மாட்டக் கூடாது.

இது தெரியாமல் அதற்கு முந்தைய வருடம் இதே சூட்டுக்கு ஒரு பட்டறையில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்கினேன். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற காஸ்கெட்டை மாற்றினார்கள், சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். மூன்றாம் நாள் பழைய கதைதான். டேங்கில் குமிழி வந்தால், ஆயில் பால் கலந்த காப்பி போல் வெளுத்தால் காஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். எனக்கு இரண்டும் இல்லை. தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் என்றால் அதை நூலில் கட்டிக் கொதிநீரில் தொங்கவிட்டால் போதும், நல்லதாக இருந்தால் கண்ணெதிரே திறக்கும். அது இல்லாமலே ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சில எஞ்சினில் அதை எடுத்துவிட்டால் தண்ணீர் குளிரப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிவரும்.

ஜூனில் ஏன் இப்படி ஆகிறது என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு நிற்கிறது. முன்பு 45 நாள்தான். அத்தனை நாளும் ரப்பர் ஒரே நிலையில் மடங்கிக் காய்கிறது. போதாததற்குக் கரையேற்றி வைத்த படகில், ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று தண்ணீர் இல்லாமல் எஞ்சினை முடுக்குகிறோம். அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறட்டு ஓட்டத்தில் சில நிமிடத்திலேயே கருகும். அந்த வருடம் அப்படி முடுக்கியது நான்தான்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்பது போலவே மாற்று இம்பெல்லர் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தாங்களும் மே மாதக் கடைசியில் இதைப் பற்றி நாலு வரி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஏப்ரல் 14 இரவு கரை வந்ததுமே இம்பெல்லரைக் கழற்றி, எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வீட்டு ஆணியில் மாட்டிவிடுகிறேன். சாவி கேட்டு வருகிறவன் கையில் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

இப்படிக்கு,
விசைப்படகு டிரைவர் ஒருவர்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.