கரண்ட் போன தெருவும் ஒரு பழைய தொடரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் போனது. ஒரு வீட்டில் மட்டும் லைட் எரிந்தது, இன்வெர்ட்டர்தான், ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் "அவங்களுக்கு மட்டும் எப்படிப்பா?" என்று ஆரம்பித்து, பத்தே நிமிடத்தில் அந்த வீட்டுக்காரர் கொக்கி போடுகிறார் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. 'தி ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க டிவி தொடரில் 1960-இல் வந்த மேப்பிள் தெரு கதை அச்சு அசலாக இதுதான். தெருவில் மின்சாரம் நிற்கும், ஒருவருடைய கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் வேற்றுக்கிரகவாசி என்று சந்தேகப்பட்டு, இருட்டில் நடந்துவரும் பக்கத்து வீட்டுக்காரரையே சுட்டுவிடுவார்கள். நிஜ வேற்றுக்கிரகவாசிகள் குன்றின் மேல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்!

எழுத்தாளர் ராட் செர்லிங் 1959 முதல் 1964 வரை நடத்திய தொடர் அது, மொத்தம் 156 பகுதிகள். அதற்கு முன், எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றதை ஒட்டி அவர் எழுதிய நாடகத்தை, விளம்பரதாரர்களுக்குப் பயந்து அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். நேராகச் சொன்னால்தானே வெட்டுவீர்கள் என்று செவ்வாய்க்கிரகத்து ஆள் வாயில் வைத்துச் சொன்னார் மனுஷன். இன்றைய 'பிளாக் மிரர்' தொடர் வரை வருவது அந்த வழிதான்.

கறுப்பு வெள்ளை என்று ஒதுக்காமல், நம் சேனல்கள் இதைத் தமிழில் டப் செய்து ஒளிபரப்பலாமே? மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவே ஒரு அரைமணி நேரம் போதும்.

வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.