ஞாயிறு மாலை எரிக் டால்ஃபி

வணக்கம் நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு இசை கேட்கக் கூடுகிறோம், மொட்டை மாடியில் இல்லை, கீழ்த்தள ஹாலில். இந்த முறை அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி. 1928இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், ஆல்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பேஸ் கிளாரினெட் மூன்றிலும் கெட்டிக்காரர், ஜாஸ் ஜாம்பவான்கள் சார்லஸ் மிங்கஸோடும் ஜான் கோல்ட்ரேனோடும் வாசித்தவர், 1964 ஜூனில் பெர்லினில் நீரிழிவால் இறந்தபோது வயது 36தான்.

1. வருமுன் அவருடைய 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள். 1964 பிப்ரவரியில் பதிவானது, அதிலுள்ள ஐந்து இசைத்துண்டுகளும் அவரே அமைத்தவை. முதலில் காது முரண்டு பண்ணும், விடாதீர்கள்.
2. நல்ல ஸ்பீக்கர் இருப்பவர் கொண்டு வாருங்கள், என்னுடையது கரகரக்கிறது.
3. வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள், டீக்குக் கணக்கு வேண்டும். வெறும் கட்டைவிரல் போட்டால் வருகிறீர்களா, படித்தீர்களா என்றே புரிவதில்லை.