இருதயம் பலவீனம் என்றால் கைவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், இருதயம் பலவீனமான முதியவர்களுக்குப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை சாத்தியமில்லை, அவர்களை நிம்மதியாக இருக்க விடுவதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். மார்புக் கட்டி உடைந்து ஒழுகும் ஒருவரோடு ஓர் இரவு விழித்திருந்தவர் இப்படி எழுதமாட்டார், ஐயா.

மார்புப் புற்றுநோய் வந்த என் பெரியம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். மயக்கம் கொடுத்தால் இருதயம் தாங்காது என்று ஹோர்மோன் குளிசையோடு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிசை சிலருக்குக் கட்டியைச் சுருக்கும், அவருக்குச் சுருக்கவில்லை. புண்ணாகி மணக்கத் தொடங்கிய பிறகுதான் வேறொரு சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணரையும் அருகில் வைத்துக்கொண்டு, முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யும் விறைப்பு ஊசியிலேயே அதை அகற்றினார். பெரியம்மா மேசையில் கிடந்தபடி தாதியிடம் தன் வளவு மாமரத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறார். மாலையில் தேநீர் கேட்டார்.

இது அதிசயமன்று. விறைப்பு ஊசியில் போடும் லிடோகெயின் 1943இல் உருவான மருந்து. அதை ஐதாக்கி, இரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் சேர்த்துத் தோலுக்குக் கீழே பரவவிட்டால் வலியும் அடங்கும், இரத்தப்போக்கும் குறையும். முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புகளை விறைக்கச் செய்து முழு மார்பையே அகற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், இருதயத் துடிப்புக் குழம்பும். அதனால்தான் அட்ரினலினுடன் கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் நிறை பார்த்துக் கணக்கிடுகிறார்கள். குடல், இரைப்பைப் புற்றுநோய்க்கு இது சரிவராது. தாங்கள் அறியாததல்ல. ஆனால் இதே முதியவர்களுக்குக் கண்புரை அகற்றும்போது கண்ணை மட்டும் விறைக்கச் செய்கிறார்களே, அப்போது யாரும் இருதயத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவதில்லையே!

புற்றுநோயை எண்ணெயால் கரைக்கலாம் என்ற விளம்பரத்தைக் கண்டித்து முன்பு நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பிரசுரிக்கவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன். நோயாளரைக் கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அலைந்த காலம் தங்களுக்கும் தெரியும். இங்கே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்புவதற்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்கள். திடகாத்திரமான நோயாளருக்கு மட்டுமா சேர்த்தார்கள்? வீடுகளிலும் இதே கதைதான். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அம்மாவை வருத்த வேண்டாம் என்று தொலைபேசியில் தீர்மானிக்கிறார்கள். அந்த அம்மாவிடம் ஒருவரும் கேட்பதில்லை.

அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். முழு மயக்கம் ஆகாது என்று சொல்லப்பட்டவர்கள், விறைப்பு ஊசியில் செய்ய இயலுமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் கேட்கவேண்டும் என்ற இரண்டு வரி போதும்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகி,
கோண்டாவில்.