காவல் போட வேண்டிய சந்தோஷம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

ஸ்தோத்திரம். வீட்டில் எல்லோரும் சுகம். வேதத்தைத் திறந்தாலும் மனதில் ஒன்றும் ஒட்டவில்லை, முன்பிருந்த சந்தோஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் உன் ஆஸ்பத்திரி டியூட்டி நேரம் குறுக்கே வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிலிப்பியர் நிருபத்தை எடுத்துக்கொள், பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. நான்கே அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தாலும் கால்மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். சந்தோஷம், மகிழ்ச்சி என்ற சொற்கள் அதில் ஒரு டஜன் தடவைக்கு மேல் வருகின்றன. எழுதியவரோ விலங்கோடு சிறையில் இருக்கிறார். வாசித்த சபையாருக்கு அது புதுச் செய்தியும் அல்ல. பவுலும் சீலாவும் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடியது அவர்கள் ஊர்ச் சிறையில்தானே. அன்றிரவே சிறைக்காவலனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனால் இதே நிருபத்தில் பவுல் அழவும் செய்கிறார். 2:27-இல் 'துக்கத்தின்மேல் துக்கம்' என்கிறார், 3:18-இல் கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள் மகளே. அழுகை வந்ததனால் சந்தோஷம் போய்விட்டது என்று கணக்குப் போடாதே. சபையில் சிலர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பதுதான் விசுவாசம் என்பார்கள். அது சரியில்லை. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் கிடைக்காமலே முடிகிறது, அதையும் கர்த்தர் வேதத்தில் வைத்திருக்கிறார். 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்பதில் 'கர்த்தருக்குள்' என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தால், மீதி இருப்பது யாராலும் செய்ய முடியாத கட்டளை. சம்பளம், வார்டு, உடம்பு எல்லாம் மாறும். அவர் மாறுவதில்லை. சந்தோஷத்தின் வேர் அவருக்குள் இருக்கிறது.

இப்போது காலை நேரத்துக்கு வருகிறேன், முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டை விழுவது அங்கேதான். பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சண்டே ஸ்கூலில் கேட்டிருப்பாய். அவர் பல வருஷமாக எழுந்தவுடன் முழங்காலில் நின்று ஜெபிக்கத்தான் ஆரம்பிப்பார். கால்மணி, அரைமணி நேரம் மனம் அலைந்துவிட்டுத்தான் ஜெபத்தில் நிற்குமாம். 1841-இல் வரிசையை மாற்றினார். முதலில் வசனம், அதைத் தியானிப்பது, அதிலிருந்து ஜெபம். தன் ஆத்துமா கர்த்தருக்குள் மகிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றன்றைக்கு முதல் வேலை, ஊழியமெல்லாம் அதற்குப் பிறகு என்று வைத்துக்கொண்டார். காரணம் எளிது. வெறும் மனதோடு ஜெபிக்கப் போனால் நம் கவலைகளைத்தான் சுற்றிச் சுற்றி வருவோம். வசனம் முன்னே போனால் பேச விஷயம் கிடைக்கும்.

நீ இப்படிச் செய். முதல் வாரம் தினமும் பிலிப்பியரை முழுதாக ஒரே மூச்சில் வாசி. குறிப்பு எடுக்காதே. இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஐந்தாறு வசனம் போதும். அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்து, இதில் கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது, நான் எதை அறிக்கையிட வேண்டும், எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பார்த்து, அதையே ஜெபமாக்கு. இருபது நிமிஷம் போதும். நைட் டியூட்டி வாரத்தில் உன் 'காலை' மத்தியானம் இரண்டு மணிக்கு வரும். தூங்கி எழுந்த நேரம்தான் கணக்கு, கடிகாரம் அல்ல. டியூட்டி முடிந்து வந்த அசதியில் உட்காராதே, வசனத்தின்மேலேயே தூங்கிவிடுவாய். பிறகு குற்ற உணர்வு வரும், அந்தக் குற்ற உணர்வே மறுநாள் வேதத்தைத் தொடவிடாது. போனை வேறு அறையில் சார்ஜ் போடு. வேதத்தைப் போனில் வாசிக்கிறவர்களுக்கு என்ன நடக்கிறதென்றால், இரண்டாம் வசனத்தில் ஒரு மெசேஜ் வரும், அங்கிருந்து யாரோ வாங்கிய வீட்டுப் படம், அதோடு மனம் சுருங்கிவிடும்.

பிலிப்பியர் 4:6-ஐ நிதானமாகப் பார். விண்ணப்பம் 'ஸ்தோத்திரத்தோடே கூடிய' ஜெபமாக இருக்க வேண்டும் என்கிறது. "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் மனதில் ஒன்றும் அசையாது. நாளுக்கு மூன்று, ஆனால் பெயர் சொல்லி, இடம் சொல்லி எழுது. நேற்று எழுதியதை இன்று திரும்ப எழுதாதே. விண்ணப்பத்தைத் தேதியோடு இடப்பக்கம் எழுது, வலப்பக்கம் காலியாக இருக்கட்டும், பதில் வரும்போது அங்கே தேதி போடு. 'இல்லை' என்பதும் பதில்தான், அதையும் எழுது. இதற்குப் பிறகுதான் 4:7 வருகிறது, தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் 'காத்துக்கொள்ளும்' என்று. கிரேக்கத்தில் அந்தச் சொல் கோட்டைக்குப் படையைக் காவல் போடுகிற சொல். தமஸ்கு பட்டணத்தைக் காவல் வைத்துக் காத்ததைச் சொல்லும்போதும் பவுல் இதே சொல்லைத்தான் எழுதுகிறார். பிலிப்பி ரோமப் படையில் பணி முடித்தவர்கள் குடியேறிய ஊர், அவர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் சந்தோஷம் கசிந்துகொண்டே இருந்தால், எங்கே என்று தேடு. 'சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது பார்த்தாயா? எயோதியாளும் சிந்திகேயாளும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேருமே சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். அவர்கள் மனஸ்தாபத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் பவுல் சந்தோஷத்துக்கு வருகிறார். உன் ரூமில் இருக்கிற பிள்ளையோடு பேசாமல் இருப்பதாக எழுதியிருந்தாயே, அதை முதலில் முடி. தப்பு யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லக் காத்திருக்காதே, உன் பங்குக்கு மட்டும் மன்னிப்புக் கேள். அதேபோல் மறைத்து வைத்த பாவம். 32-ஆம் சங்கீதத்தில் தாவீது, அடக்கிவைத்தபோது எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறான். அப்படி ஏதாவது இருந்தால் பெயர் சொல்லி அறிக்கையிடு, மன்னித்தார் என்று நம்பி எழுந்திரு. அறிக்கையிட்டதையே தினமும் திரும்ப அறிக்கையிடுவது தாழ்மை ஆகாது.

சில நேரம் இது ஆத்தும காரியமாகவே இருக்காது. சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் பிரசங்கம் அனுப்பவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகு ஓரேப் மலையில்தான் பேச்சு. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டே இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது ஒன்றும் பிடிக்காமல் போனால் டாக்டரைப் பார். வாழவே வேண்டாம் என்ற நினைவு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே போ, உடனே எனக்கும் சொல், நடுராத்திரி என்றாலும் சரி. மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

மூன்றாம் நான்காம் வாரத்தில் வறட்சி வரும், எதிர்பார்த்துக்கொள். அந்த நேரத்தில் சபையை மாற்றுவது, ஜெபநேரத்தைக் குறைப்பது போன்ற முடிவுகளை எடுக்காதே. வறண்ட காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்று கத்தோலிக்கக் குருவான லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்தார், நம் சபையார் இல்லை என்றாலும் சொன்னது சரிதான். 42, 43 சங்கீதங்களில் 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' என்ற ஒரே கேள்வி மூன்று தடவை வருகிறது. முதல் தடவையிலேயே மனம் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீயும் திரும்பக் கேள், சத்தமாக.

ஆன்லைன் ஆராதனை போதும் என்று இருந்துவிடாதே. பிலிப்பி சிறையில் பாடியதும் இரண்டு பேர் சேர்ந்துதான். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது லீவு கேட்டு வாங்கு, திருவிருந்து நாள் அதில் ஒன்றாக இருக்கட்டும். சபையில் ஒரு அக்காவைப் பார்த்துவை, வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் சேர்ந்து ஜெபிக்க.

முறுக்கோடு பார்சலில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். நடுவில் கோடு போட்டாயிற்று. ரூமில் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் முறுக்கு, பாதியைக் கொடு.

அன்புடன்,
அம்மா